வாரேன் என்று திருத்திய மகனுக்கு

மகனே, இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் என்றால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கோபம் வந்தால் கிழித்துப் போடலாம், ஆனால் முழுக்கப் படிக்காமல் கிழிக்க உனக்கு மனசு வராது. பெற்றவளுக்கு அது தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பே புத்தகம் வந்துவிடும் என்று சொல்லி அச்சுப் பிரதியை அனுப்பி வைத்தாய். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் சொல்லச் சொன்னாய். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டேன். எழுத்துப் பிழை அதிகம் இல்லை, நல்லாத்தான் பார்த்திருக்கிறார்கள். வேறு பிழை இருக்கிறது. அதை அச்சடிப்பவர் செய்யவில்லை, நீ செய்திருக்கிறாய். தெரியாமல் செய்ததென்றால் ஒரு போனோடு விட்டிருப்பேன். தெரிந்தே செய்தாய் என்பதால்தான் இவ்வளவு தாள் செலவு.

நான் சந்தேகப் பிராணி என்று உன் அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியிருந்தால், அவர் போன பிறகு அருப்புக்கோட்டை பஜாரில் இந்தக் கடையை ஒரு வருஷம்கூட நடத்தியிருக்க முடியாது. கொத்தமல்லி மூட்டை வந்தால் மேலே இருப்பதை நான் பார்ப்பதே இல்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை அள்ளி முகர்ந்து பார்ப்பேன். நரிக்குடிப் பக்கமிருந்து லோடு கொண்டுவருகிற வெள்ளாமைச் சம்சாரிகள், "அக்கா கையில கண்ணு இருக்கு" என்பார்கள். அடியில் மண்ணைப் போட்டு மேலே மல்லியைப் பரப்புகிற ஆட்கள் இருக்கிறவரை, என்னைப் போல ஆட்களும் இருந்துதானே தீர வேண்டும்.

அப்படித்தான் உன் புத்தகத்துக்குள்ளும் கையை விட்டேன். இட்லர் காலத்தில் யூதர்களை முள்வேலி முகாம்களில் அடைத்துக் கொன்றதும், அதில் தப்பித்த ஒரு அம்மா எழுதியதைத்தான் நீ தமிழில் கொண்டுவருகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அட்டையில் நாவல் என்று போட்டிருப்பது உறுத்தியது. பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதே கேட்டேன், நினைவிருக்கிறதா?

"ஏலே, அந்தம்மா முகாமுக்குள்ள இருந்தவுகதான?"

"ஆமாம்மா."

"அப்ப இது நடந்ததுதான?"

"நடந்ததும் இருக்கு, சேத்ததும் இருக்கு. இது கதைம்மா."

"அம்புட்டுப் பட்டவுக எதுக்குக் கதை விடணும்?"

நீ சிரித்தாய். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. நம் ஊரில் கதை விடுகிறான் என்றால் பொய் சொல்கிறான் என்றுதான் அர்த்தம். கொன்ற கூட்டத்துக்குப் பரிந்துகொண்டு, அப்படியொன்றும் நடக்கவே இல்லை என்று சாதிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படிப்பட்ட உலகத்தில், தப்பித்து வந்தவரே கதை என்று பெயர் வைத்தால், அந்தக் கெட்டிக்காரர்கள் அதையே பிடித்துக்கொள்ள மாட்டார்களா? அதற்கு நீ, "என்ன நடந்துச்சுன்னு சொல்ல சாட்சி போதும்மா. செத்துப்போனவ மனசுல என்ன ஓடுச்சுன்னு சொல்லணும்னா கதைதான் வேணும்" என்றாய். கல்லூரி வாத்தியார் பேச்சு. அன்றைக்கு எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

நம்பிக்கை வந்தது படிக்கும்போது, அதுவும் ஒரு கரண்டியால். ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு சிநேகிதிகள், ஹன்னாவும் இரேனாவும். இரண்டு பேரையும் ஒரே முகாமில் கொண்டுபோய் அடைக்கிறார்கள். அங்கே போன பிறகு சாமி கும்பிடுவதை நிறுத்திவிடுகிற இரேனா, அதற்குப் பதிலாக ஒரு பழக்கம் ஏற்படுத்துகிறாள். தினமும் வேலை முடிந்து வந்து படுக்கிறபோது, அன்றைக்கு நடந்ததில் ஒன்றை ஒருத்திக்கு ஒருத்தி மறைக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏன் என்று ஹன்னா கேட்டால், "சாமி கேட்கிறாரா என்று தெரியவில்லை, நீ கேட்கிறாய். பொய் இல்லாமல் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறவரை நான் இருக்கிறேன். உடம்பு போனாலும் அந்த இடத்தில் இருப்பேன்" என்கிறாள். இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. வயிறு காய்ந்து கிடக்கிறவர்கள் இப்படித் தத்துவம் பேசுவார்களா? எழுதுகிறவர் பிற்பாடு வயிறார உட்கார்ந்து சேர்த்ததாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு இரேனாவுக்குக் காய்ச்சல் வருகிறது. அங்கே பெரிய சொத்தென்றால் கஞ்சி குடிக்க ஒரு கரண்டி, அது அவளிடம் உண்டு, ஹன்னாவிடம் கிடையாது. சிநேகிதிக்கு உடம்பு கொதிக்கிறபோது ஹன்னாவுக்கு முதலில் தோன்றுவது, இவள் போனால் அந்தக் கரண்டி நமக்கு வருமா என்பதுதான். அதையும் அன்றைக்கே அவளிடமே சொல்லிவிடுகிறாள். அங்கேதான் நான் விழுந்தேன். இட்டுக்கட்டிச் சொல்கிறவர்கள் தங்களை நல்லவர்களாகத்தான் காட்டுவார்கள். ஹன்னா என்ற பெயரில் தன்னைத்தான் எழுதுகிற இந்த அம்மா, தன் மூட்டையின் அடியில் கிடந்த மண்ணைத் தானே அள்ளி நம் முன்னால் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சேர்த்துச் சொன்னதையும் நான் சந்தேகப்படவில்லை.

சண்டை முடிகிற நேரத்தில் முகாமைக் காலி செய்து, எல்லோரையும் பனியில் நடத்திக் கூட்டிப்போகிறார்கள். உட்கார்ந்துவிட்டால் சுட்டுவிடுவார்கள். இரேனா உட்கார்ந்துவிடுகிறாள். ஹன்னா கொஞ்சம் நின்று, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடக்கிறாள். அந்த வார்த்தையில்தான் நீ கை வைத்திருக்கிறாய். பொங்கலுக்கு அந்த அத்தியாயத்தை நீ வாசித்துக் காட்டியபோது, அவள் "போறேன்" என்று சொன்னாள். அச்சுப் பிரதியில் "போயிட்டு வாரேன்" என்கிறாள். என் கண்ணுக்குக் கண்ணாடி வந்திருக்கிறது, காது நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பொங்கலுக்குப் போறேன்னு இருந்துச்சு. இப்ப வாரேன்னு இருக்கு. யாரு மாத்துனா?"

"தமிழ்ல யாரும்மா போறேன்னு சொல்லுவா? அபசகுனம்லம்மா. வாரேன்னுதான் சொல்லணும்."

"அவ என்ன பொண்ணு பாக்கவா போறா?"

நீ பேச்சை மாற்றி, கடையில் கூட்டமா என்று கேட்டாய். நான் விடவில்லை.

"இங்கிலீஷுல என்ன போட்டிருக்கு?"

"போறேன்னுதான் இருக்கு. அவங்களுக்கு அது சாதாரண வார்த்தைம்மா."

"உட்காந்துட்டவளப் பனியில விட்டுட்டுப் போறது எந்த ஊருலலே சாதாரணம்?"

கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை என்ன கிளாஸ் என்று நான் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

வாரேன் என்பது வெறும் மரியாதை இல்லை. திரும்ப வருவேன் என்று வாக்குக் கொடுப்பது. அதனால்தான் நம் பக்கத்தில் சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் யாரும் வாரேன் என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். அந்த மாதிரி காரியத்துக்கு அந்த வீட்டுக்குத் திரும்ப வரக் கூடாது, வராத இடத்துக்கு வாக்கும் கொடுக்கக் கூடாது. ஹன்னா அந்தப் பனியில் வாரேன் என்று சொன்னால், ஒன்று அவளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் பொய் சொல்கிறாள். புத்தகம் பூராவும் ஒருத்திக்கொருத்தி பொய் சொல்லாமல் வந்தவர்களுக்குக் கடைசியில் நீ ஒரு பொய்யை ஊட்டிவிட்டாய். எதற்கு என்று யோசித்தபடிதான், கடைசியாகப் படிக்கலாம் என்று விட்டுவைத்திருந்த உன் முன்னுரைக்கு வந்தேன். விஷயம் அங்கே இருந்தது.

முன்னுரையில் என்னையும் முத்துவையும் எழுதியிருக்கிறாய். கொரோனா காலத்தில் மதுரையில் ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி பிழைத்துக் கிளம்புகிறபோது இன்னொருத்தியிடம் "போயிட்டு வாரேன் முத்து" என்று சொல்கிறாள். படித்தவர்கள் அந்த இடத்தில் கண்ணைத் துடைப்பார்கள், அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த அம்மா நான் இல்லை, அந்த முத்துவையும் எனக்குத் தெரியாது. போகட்டும், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் கட்டிலையும் அந்த முள்வேலியையும் ஒரே தராசில் வைக்காதே. எங்களைக் கொல்ல யாரும் நினைக்கவில்லை. அந்த நர்ஸ் பிள்ளைகள் சோறு தண்ணீர் இல்லாமல் எங்களைப் பிழைக்க வைக்கத்தான் ஓடினார்கள். நோய் வந்து சாவதும், மனுசன் மனுசனைப் பட்டியில் அடைத்துக் கொல்வதும் ஒன்றாகாது. பிழைத்தவள், போனவள் என்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சு உண்டு.

முத்துவை உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு பரளச்சியில் தங்கராசு அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். டவுனுக்கு வந்தால் நம் கடையில் வந்து உட்கார்ந்து, நான் வியாபாரம் பேசுவதைப் பார்த்துக் கேலி செய்யாமல் போகமாட்டாள். ஒரு கல்யாண வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டு, இரண்டு பேரும் ஒன்றாகவே காய்ச்சலில் விழுந்தோம். வார்டில் எல்லோரும் அவளிடம் பொய்தான் சொன்னார்கள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம், இப்போது பரவாயில்லை, முகம் தெளிந்திருக்கிறது. அன்பில் சொன்ன பொய்தான், குற்றம் சொல்லவில்லை. ஒரு நாள் அவள் மூக்கில் வைத்திருந்ததை விலக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்குத்தான் கதை விடத் தெரியாதே. நான் பிழைப்பேனா?"

"தெரியல முத்து. உன்னயப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

"அப்பாடா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். என்னை வீட்டுக்கு அனுப்புகிறபோது அவள் கட்டிலோரம் போய் நின்றேன். வாரேன் என்ற வார்த்தை தானாக வாயில் வந்து நின்றது. என்னைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதும், அவள் வெளியே வருவது சந்தேகம் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். "போறேன் முத்து" என்றேன். அவள் சிரித்தாள். "நல்லாருக்குடீ. ஒருத்தியாச்சும் ஏமாத்தாமப் போறா. போ" என்றாள். நடந்தது அதுதான், அவ்வளவுதான்.

துட்டி கேட்கப் பரளச்சிக்குப் போனபோது, அவள் கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். தங்கராசு அண்ணன் அப்படியே எழுந்து நின்று, "நோயாளிகிட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்தீகளா? வாயில நல்ல வார்த்தையே வரலையா உங்களுக்கு?" என்றார். அத்தனை பேர் முன்னால். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வாய்தான் முத்துவைக் கொண்டுபோனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்டது, கேட்காத மாதிரி இருந்தேன். இதற்கு நடுவில்தான் நீயும் கார்த்திகாவும் சென்னையில் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினீர்கள். முத்து மகள் என் வீட்டுக்கு மருமகளாக வருவதென்றால் எனக்கு என்ன கசக்கவா செய்யும்? ஆனால் அவள் அப்பா, அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

நின்றவர் போன மாதம் பூவும் பழமும் தட்டில் வைத்து வீடு தேடி வந்துவிட்டார். நீ சந்தோஷத்தில் குதித்தாய். நான் குதிக்கவில்லை. கேட்காமலே விலையைக் கூட்டித் தருகிற வியாபாரியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன், உடனே கையைக் கொடுக்க மாட்டேன். உன் முன்னுரையைப் படித்த அன்றைக்கே, என்ன நடந்தது என்று கார்த்திகாவைக் கூப்பிட்டு நாசூக்காக விசாரித்தேன். அது பாவம், கள்ளமில்லாத பிள்ளை. "அப்பா இவரு எழுதுன முன்னுரையப் படிச்சாங்க அத்தை. நீங்க வாரேன்னுதான் சொன்னீங்களாமே. துட்டி வீட்டுல அழுக சத்தத்துல தப்பாக் கேட்டுருச்சுன்னு அப்பாவே சொன்னாங்க" என்றது. அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அச்சுக்குப் போவதற்கு முன்பே அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். முன்னுரையில் நான் வாரேன் என்று சொல்லிவிட்டதால், அதற்கு ஒத்துவர ஹன்னாவையும் வாரேன் சொல்ல வைத்திருக்கிறாய். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது அந்த வார்த்தையைத் திருத்தினால் கல்யாணம் நிற்கலாம். திருத்தாவிட்டால், என்னையும் முத்துவையும் பொய்யாக்கித்தான் கல்யாணம் நடக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பெயரைக் காப்பாற்றுவதற்காக இதுவரை யாரும் பொய் சொன்னதில்லை. ஆனால் மகனே, அந்தக் கடைசி நேரத்தில் எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல வார்த்தையை வைத்தால், அங்கே எங்கள் சிநேகிதம் இருக்காது. கேட்பவருக்கு இதமான ஒரு கதைதான் இருக்கும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அமாவாசையன்று திருச்சுழிக்குப் போனேன். ஆற்றில் வழக்கம்போலத் தண்ணீர் இல்லை. தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஐயரிடம் போய் முத்து பெயரைச் சொன்னேன். என்ன உறவு என்றார். சிநேகிதி என்றேன். சிநேகிதிக்கென்று கொடுக்கிற வழக்கம் இல்லையே, அவர் வீட்டுக்காரரோ பிள்ளையோ கொடுக்க வேண்டும் என்று சங்கடப்பட்டார். பிறகு அவரே, கடைசியில் ஒன்று உண்டம்மா, தாய் இல்லாதவர், தகப்பன் இல்லாதவர், சிநேகிதர், சுற்றம் யாருமே இல்லாதவர், அத்தனை பேருக்கும் சேர்த்து விடுகிற தண்ணீர் அது, அதில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். "என்னயச் சமாதானப்படுத்தச் சொல்றீகளா, நெசமாவே இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்று மந்திரத்தைச் சொல்லி அர்த்தமும் சொன்னார். முத்துவுக்குப் புருஷன் இருக்கிறார், மகள் இருக்கிறாள், அந்தத் தண்ணீர் அவளுக்கில்லை. எனக்கு இரேனாவின் நினைப்புத்தான் வந்தது. குடும்பத்தோடு, தெருவோடு, ஊரோடு அழிக்கப்பட்டு, தண்ணீர் விட ஒரு ஆள் மிச்சமில்லாமல் போன அத்தனை பேரும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறார்களே என்று தோன்றியது.

அவர்களை நினைத்து அந்தத் தண்ணீரை விட்டேன். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். அவர்கள் சாமி வேறு, தண்ணீரும் குடத்துத் தண்ணீர். செத்தவர்கள் எங்கேயாவது இருக்கிறார்களா என்பதே எனக்கு நிச்சயமில்லை. ஆனால் ஒன்று நடக்கிறது. கடையில் சரக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வாயெடுத்தால், "கதை விடாதடீ" என்று முத்து குரல் கேட்கிறது. அது அவள்தானா, இல்லை என் மனசாட்சியா என்று பிரித்துப் பார்க்கப் பல தடவை முயன்றிருக்கிறேன், முடியவில்லை. மனசாட்சி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது பார். இரேனா சொன்ன இடம் அதுவாக இருந்தால், அங்கே பொய்யோடு போய் நிற்க எனக்குக் கூசுகிறது. ஆற்றங்கரையிலிருந்து எழுந்து நேராகப் பரளச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

தங்கராசு அண்ணன் முற்றத்தில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க தங்கச்சி" என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, எம்மகன் எழுதியிருக்கது பொய்யி. நான் வாரேன்னு சொல்லல. போறேன்னுதான் சொன்னேன். துட்டிக்கு வந்தன்னைக்கு நான் சொன்னதுதான் நெசம். இதக் கேட்டுட்டுப் பொண்ணு குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

அவர் வத்தலைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டா தட்டத் தூக்கிட்டு வந்தீக?"

"முத்து அன்னைக்கே போன்ல சொல்லிட்டா. நீங்க போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டீகளாம், மனசு லேசா இருக்குன்னு சொன்னா."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அப்ப எதுக்குண்ணே அத்தன பேரு முன்னால என்னய அப்படிப் பேசுனீக?" என்று கேட்டேன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாரேன்னு சொன்னது நான் தங்கச்சி. ஆஸ்பத்திரி கேட்டுல வச்சு. ஒரு ஆளு மட்டும் அந்தப் பாதுகாப்பு உடுப்ப மாட்டிக்கிட்டு உள்ள வரலாம்னாக. கையில குடுத்தாக. நான் போடல. பயந்துட்டேன். போன்ல, இந்தா வாரேன் முத்துன்னு சொல்லிட்டு, வண்டியேறி ஊருக்கு வந்துட்டேன். கேட்டவுககிட்ட எல்லாம் உள்ள விடலன்னு சொன்னேன். நீங்க வந்து போறேன்னு சொன்னேன்னீகளா, பழியப் போட எனக்கு ஒரு ஆளு கெடச்சிருச்சு. இப்ப உங்க மகன் அத மாத்தி எழுதிக் குடுத்ததும், எல்லாம் இதோட முடியட்டும்னு தட்டத் தூக்கிட்டேன்."

அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"உள்ள இருக்கையில என்னயப் பத்திக் கேட்டாளா?"

கேட்டாள். சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன், பிறகு சொல்லிவிட்டேன். தான் வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பதாக அவர் போனில் சொல்வார், என்னிடமும் சொல்வார். முத்து போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அவரு சொல்றது நெசமாடீ? நிக்கிறாரா?" என்பாள். "நெசந்தான், நிக்கிறாரு" என்று நான் சொல்வேன். நான் சொன்னதால் நம்புவாள். சன்னல் நாலு எட்டில் இருந்தது. மூட்டை மூட்டையாகக் கையை விட்டுப் பார்க்கிற நான், அந்தச் சன்னல் வரை எழுந்துபோய் எட்டிப் பார்க்கவில்லை. உலகத்தில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே விஷயம் அது. கதை விடத் தெரியாதவள் என்று அவள் நம்பிய வாயாலேயே அவளுக்குப் பொய் சொல்லியிருக்கிறேன், அதுவும் எனக்கே தெரியாமல். அவர் நிற்கிறார் என்ற நினைப்போடுதான் அவள் போயிருக்கிறாள். அதற்காக அழுவதா, அவள் நிம்மதியாகப் போனாளே என்று ஆறுதல் படுவதா என்று இந்த வரியை எழுதுகிற நேரம் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் அழுதார். நானும் அழுதேன்.

கிளம்புகிறபோது, "கார்த்திகாகிட்ட நீங்களே சொல்லிருங்க தங்கச்சி. பிள்ள மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணத்த நடத்துறதும் நிறுத்துறதும் அவுக ரெண்டு பேரு முடிவு" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். இதை நீ படித்துவிட்டு அவளிடம் கொடு. நீ செய்ததை நீயே அவளிடம் சொல், அதை என் கடிதம் சொல்லட்டும் என்று ஒளிந்துகொள்ளாதே. முன்னுரையில் நான் சொன்னதை நான் சொன்னபடி எழுது, முடியாவிட்டால் எங்களை எடுத்துவிடு. அவள் அப்பா சொன்னதை எந்தப் புத்தகத்திலும் எழுதாதே. ஹன்னாவுக்கு அவள் வார்த்தையைத் திருப்பிக் கொடு. அந்த அம்மா மற்றவர்கள் சொல்லக் கூசுகிற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, மிச்ச ஆயுள் முழுக்க அதைச் சுமந்து, கதை என்று பெயர் வைத்தாவது நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அதைத் தமிழ் மரியாதைக்காக மாற்ற நீ யார், நான் யார்?

கார்த்திகா கோபப்படுவாள், படட்டும். அப்பாவிடம் பேச மாட்டேன் என்பாள், கொஞ்ச நாள் விடு, கட்டாயப்படுத்தாதே. உன்னிடமும் பேசாமல் இருந்தால் பொறுத்துக்கொள், உனக்கு அது வேண்டும்தான். ஆனால் என்றைக்காவது அவள் மனசு இறங்கி, அப்பாவிடம் போனில் "வாரேன்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சொன்ன அன்றைக்கே அவளைப் பஸ் ஏற்றிவிடு. பரளச்சி விலக்கு பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பதாக அவர் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான், நிற்கிறார் என்று அவளிடம் சொல்வேன்.

அம்மா